தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழி வழக்கு மன்றத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடலாகாது. நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்துக்கும் அது பொருந்தும். நம் கையில் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்துக்கும் பொருந்தும். எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"ஒரு புகைவண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கிறது. 300 கி.மீ. தொலைவிலுள்ள ஊரை அது எத்தனை மணி நேரத்தில் அடையும்?" இத்தகைய கணக்குகளை நாம் ஆறாம் வகுப்பு முதலே செய்து வருகிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். ஆனால் உலகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறக்கும் ஆகாய விமானத்துக்கு இந்த ஒரு வகுத்தல் போதாது. தூரம் எது, வேகம் எது, நேரம் எது என்று ஒவ்வொன்றையும் முதலில் விசாரித்து அறிய வேண்டும்.

இதற்கு ஓர் உண்மைப் பயணத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2021-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் ஒன்று பெங்களூரை நோக்கிப் புறப்பட்டது. அவ்விமானத்தைச் செலுத்திய நால்வரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால். வட துருவப் பகுதியின் மீது பறந்து, வழியில் எங்கும் இறங்காமல், ஜனவரி 11-ஆம் நாள் திங்கட்கிழமை அதிகாலையில் அவர்கள் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள்.

இதைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பெங்களூர் இருப்பதோ தென்னிந்தியாவில். தெற்கே வரவேண்டியவர்கள் வட துருவத்தின் பக்கம் ஏன் போக வேண்டும்? இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை அல்லவா?

அல்ல. அதுதான் ஏறக்குறைய நேர் வழி!

தேசப்படம் செய்யும் மாயம்

நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் காணப்படும் உலகப் படத்தின் முறையை 1569-ஆம் ஆண்டில் வகுத்தவர் மெர்க்காட்டர் என்னும் அறிஞர். அவர் அதைக் கப்பலோட்டிகளுக்காக வகுத்தார். அந்தப் படத்தில் இரு துறைமுகங்களுக்கிடையே ஒரு நேர்கோடு வரைந்து, திசைகாட்டியை அக்கோட்டின் கோணத்தில் வைத்துக்கொண்டு போனால், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலாம். அந்நாளில் அது பெரிய உதவி.

ஆனால் உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிப்பது எளிதா? ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமீது அழுத்திப் பாருங்கள், கிழியாமல் விரியாது. மெர்க்காட்டர் கிழியாமல் விரித்தார். அதற்காகத் துருவங்களை நோக்கிப் போகப்போக நிலப்பகுதிகளை இழுத்துப் பெரிதாக்க நேர்ந்தது. ஆகவேதான் அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரிய நாடு என்றால் நம்பமுடிகிறதா?

பரப்பைப் பெரிதாக்கும் படம் தூரத்தையும் பெரிதாக்கத்தானே செய்யும்? படத்தில் மிக நீண்டதாகத் தோன்றும் வடக்குப் பாதை உருண்டையில் குறுகியதாக இருப்பதன் காரணம் இதுதான்.

நூலும் உருண்டையும்

தோழியரே, நம் பள்ளியின் புவியியல் அறையில் உலக உருண்டை ஒன்று இருக்கிறது. தையல் நூல் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் மறு முனையைப் பெங்களூரிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். தொய்வில்லாமல் இழுத்தவுடன், நூல் பசிபிக் கடலின் நடுவில் நிற்காது. தானாகவே வடக்கு நோக்கி நழுவி, அலாஸ்கா, சைபீரியா ஆகிய குளிர்ப் பகுதிகளின் மேல் போய் நிற்கும். உருண்டையின் மீது இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி அதுவே. அதற்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர். பூமியை அந்தக் கோட்டின் வழியே வெட்டினால் சரிபாதியாகப் பிளக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,030 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. கிடைக்கும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பெங்களூர் விமான நிலையத்தின் அட்சரேகை வடக்கு 13.2 பாகை. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தினுடையது வடக்கு 37.6 பாகை. விமானம் சரியாக வட துருவப் புள்ளியின் மேலாகவே போவதாக வைத்துக்கொள்வோம். துருவத்தின் அட்சரேகை 90 பாகை. ஆகவே,

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துருவம் வரை: 90 – 37.6 = 52.4 பாகை
துருவத்திலிருந்து பெங்களூர் வரை: 90 – 13.2 = 76.8 பாகை
மொத்தம்: 129.2 பாகை
தூரம்: 129.2 × 111.19 = 14,366 கி.மீ.

வெறும் கழித்தலும் கூட்டலும் பெருக்கலும் கொண்டு உலகின் உச்சி வழியாக ஒரு பயணத்தை அளந்துவிட்டோம்!

நூல் காட்டிய மிகக் குறுகிய பாதையின் நீளத்தை அறிய, இரு ஊர்களின் தீர்க்கரேகைகளும் வேண்டும். பெங்களூர் கிழக்கு 77.7 பாகை, சான் பிரான்சிஸ்கோ மேற்கு 122.4 பாகை. இரண்டையும் கூட்டினால் 200.1. அது அரைவட்டத்தைத் தாண்டிவிடுவதால் 360-லிருந்து கழித்து, 159.9 பாகை என்று கொள்ள வேண்டும். பிறகு சைன், கொசைன் அட்டவணையின் துணை தேவை. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.1393. இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும் 159.9 பாகையின் கொசைன் மதிப்பையும் பெருக்கினால் –0.7244. (விரிகோணத்தின் கொசைன் குறை எண் என்பதை மேல்வகுப்பில் விரிவாகப் படிப்போம்.) இரண்டையும் கூட்டினால் –0.5851. இதைக் கொசைன் மதிப்பாக உடைய கோணம் 125.8 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இவ்விரு ஊர்களும் இந்தக் கோணத்தில் இருக்கின்றன. 125.8 × 111.19 = 13,988 கி.மீ.

செய்தித்தாள்களில் வெளியான நேர் தூரம் 13,993 கி.மீ. நம் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 5 கி.மீ.! பத்தாம் வகுப்புப் படிப்பும் ஓர் அட்டவணையும் நம்மை எவ்வளவு அருகில் கொண்டுவந்து விட்டன என்பதை எண்ணும்போது மனம் மகிழ்கிறது.

இப்போது தேசப்படத்தின் மீது அளவுகோல் வைத்து வரைந்த நேர்கோட்டைப் பார்ப்போம். அக்கோடு பெங்களூரிலிருந்து வங்கக்கடல், பர்மா, தாய்லாந்து, பிறகு தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடைப்பட்ட கடல், அதன்பின் பரந்த பசிபிக் என்று செல்லும். அதன் நீளம் ஏறத்தாழ 16,100 கி.மீ. அதாவது குறுகிய பாதையைவிட 2,100 கி.மீ. அதிகம். துருவப் புள்ளி வழியாகப் போனாலோ 378 கி.மீ. மட்டுமே அதிகம். இப்போது சொல்லுங்கள், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது எந்த வழி?

காற்றின் பங்கு

தூரம் கிடைத்துவிட்டது. பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 13,988-ஐ 900-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 மணி 33 நிமிடம் வருகிறது. ஆனால் அந்த முதல் பயணத்துக்கு அட்டவணையில் ஒதுக்கப்பட்ட நேரம் 17 மணி 45 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஓடுபாதையில் ஊர்ந்து செல்வது, மெல்ல மெல்ல உயரே ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். பாதையும் நூல் பிடித்தாற்போல் அமைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று என்று ஒன்று இருக்கிறது.

ஆற்றில் படகு விடுவோருக்கு இது நன்றாகத் தெரியும். நீரோட்டத்தோடு போனால் துடுப்புக்கு வேலை குறைவு. எதிர்த்துப் போனால் கை ஓய்ந்துவிடும். வானத்திலும் ஆறு உண்டு. பூமியிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓர் ஆறுபோல் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் பசிபிக் கடலின் மேல் அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்றெண்ணி அதை எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் எழுதி வெளியிட்டார். அம்மொழி அறிந்தவர்கள் மிகச் சிலரே ஆதலால், அந்த அரிய செய்தியை உலகம் நெடுநாள் கவனிக்கவில்லை!

இக்காற்றால் நேரம் எவ்வளவு மாறும்? 14,000 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் கடக்கும் விமானத்துக்கு மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், தரையைப் பொறுத்த வேகம் 800 ஆகும். பயண நேரம் 17½ மணி. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 1,000 ஆகும். பயண நேரம் 14 மணி. தூரம் ஒன்றே, நேரமோ மூன்றரை மணி மாறிவிட்டது.

ஆகவே சில வேளைகளில் நீண்ட வழியே விரைவான வழியாகிவிடுகிறது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கு முகமாக அட்லாண்டிக் கடல் வழியே சென்றுகொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் அதைக் கிழக்கு முகமாகப் பசிபிக் கடல் வழியே திருப்பிவிட்டார்கள். இந்த வழி சுமார் 15,300 கி.மீ. 1,400 கி.மீ. கூடுதல். ஆயினும் விமானம் ஏறக்குறைய 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முன்னைவிட இரண்டு மணி நேரம் அளவுக்குக் குறைவு. முன்பு எதிர்த்து நின்ற காற்று இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது. "சுற்று வழியே சுருக்க வழி" என்று சொல்லலாம் அல்லவா?

பனிவெளியின் சட்டங்கள்

குறுகிய வழி என்பதற்காக யார் வேண்டுமானாலும் துருவப் பகுதிக்குள் நுழைந்துவிட முடியாது. அங்கே நான்கு சங்கடங்கள் உண்டு.

முதலாவது, இறங்க இடமில்லை. போயிங் 777 விமானத்துக்கு இரண்டே எஞ்சின்கள். ஒன்று நின்றுவிட்டால், மற்றதைக் கொண்டே குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையும்படி பாதையை வகுத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனாலும் பாதை வளைகிறது.

இரண்டாவது, குளிர். வெளியே வெப்பநிலை சுழிக்குக் கீழே 60 பாகை செல்சியஸுக்கும் குறையக்கூடும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளில் ஒருவகை –40 பாகையிலும் மற்றொரு வகை –47 பாகையிலும் உறையத் தொடங்கும். ஆகவே விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது மிகவும் குறைந்தால் சற்று வெப்பமான உயரத்துக்கு இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, திசை. காந்த ஊசி அங்கே நம்பத்தக்கதன்று. காந்தத் துருவத்தின் அருகே ஊசி பக்கவாட்டில் திரும்பாமல் கீழ்நோக்கி இழுபடும். துருவப் புள்ளியில் நிற்பவருக்கோ எப்பக்கம் திரும்பினாலும் தெற்கு! எனவே வேறு நுண்கருவிகளையும் செயற்கைக் கோள்களையும் நம்பியே செல்ல வேண்டும்.

நான்காவது, சூரியன். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் துருவப் பகுதியில் அதிகமாக வந்து விழுகின்றன. அவை மிகும் நாட்களில் வானொலித் தொடர்பு கெடும். அப்போது பாதையைத் தெற்கே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

காணாமற்போன ஞாயிற்றுக்கிழமை

விமானம் புறப்படும் நேரம் சனிக்கிழமை இரவு 8.30 என்றும், வந்து சேரும் நேரம் திங்கட்கிழமை அதிகாலை 3.45 என்றும் அட்டவணை கூறியது. கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால் 31 மணி 15 நிமிடம் வருகிறது. ஆனால் பறந்ததோ 17 மணி 45 நிமிடம். மீதி 13½ மணி நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்?

யாரும் எடுக்கவில்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. எனவே கிரீன்விச்சை விட நாம் 5½ மணி முன்னே இருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோவின் குளிர்கால நேரம் மேற்கு 120 பாகையைக் கொண்டது. 120-ஐ 15-ஆல் வகுத்தால் 8 மணி பின்னே. 5½-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 13½. கோடையில் அமெரிக்கர் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் இது 12½ ஆகும்.

சனி இரவு அங்கே 8.30 ஆகும்போதே இங்கு ஞாயிறு காலை 10 மணி. அந்த ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதி பயணிகளுக்கு வானத்திலேயே கழிந்தது. எதிர்த்திசையில் வேடிக்கை இன்னும் அதிகம். ஒருவர் திங்கட்கிழமை பகல் 2.30 மணிக்குப் பெங்களூரில் புறப்பட்டு, 16 மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால், அங்கே அதே திங்கட்கிழமை மாலை 5 மணிதான் ஆகியிருக்கும். கடிகாரத்தை மட்டும் நம்புபவர், "இரண்டரை மணி நேரத்தில் அமெரிக்கா வந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்!

ஓர் எண் பிழைத்தால்

"இத்தனை கணக்கும் எதற்கு? விமானத்திலேறி உட்கார்ந்தால் போய்ச் சேரப் போகிறோம்" என்று சிலர் கேட்கலாம். தூரத்திலிருந்து நேரம், நேரத்திலிருந்து எரிபொருளின் அளவு. எரிபொருளைக் குறைவாக நிரப்பினால் நடுவழியில் தீர்ந்துவிடும். தேவைக்கு மிக அதிகமாக நிரப்பினால், அந்தப் பாரத்தைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாகும். ஆகவே கணக்கே அங்கு உயிர்.

இதற்கு ஒரு சான்று. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், கனடா நாட்டில் ஒரு பெரிய விமானம் சுமார் 12 கி.மீ. உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் முற்றிலும் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. காரணம் என்ன? 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருந்தது. அளவுகாட்டி வேலை செய்யாததால், லிட்டரை எடையாக மாற்றிக் கையால் கணக்கிட்டார்கள். அப்போது கிலோகிராமுக்குரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். பெருக்கல் சரி, அலகு தவறு. வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் புறப்பட்டுவிட்டது. தலைமை விமானி இறகு விமானம் ஓட்டிப் பழகியவராதலால், எஞ்சின் இன்றியே சறுக்கி வந்து, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானத் தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

விடைத்தாளில் 'கி.மீ.', 'மணி', 'கி.கி.' என்று அலகை எழுத மறந்தால் ஆசிரியை அரை மதிப்பெண் குறைக்கிறார். அது கண்டிப்பு என்று நாம் முணுமுணுக்கிறோம். அந்த அரை மதிப்பெண்ணுக்குள் 69 உயிர்கள் இருப்பதைக் கிம்லி காட்டுகிறது.

முடிவுரை

1936-ஆம் ஆண்டில் சரளா துக்ரால் என்னும் இளம்பெண் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றபோது, அது நாடே வியந்த செய்தி. 2005-ஆம் ஆண்டு நவம்பரில் இதே வகை போயிங் 777 விமானம் ஹாங்காங்கிலிருந்து கிழக்கு முகமாகவே பறந்து, 22 மணி 42 நிமிடங்களில் 21,600 கி.மீ.க்கும் மேல் கடந்து லண்டனில் இறங்கியது. அதன் விமானிகளுள் ஒருவர் சுசானா டார்சி ஹென்னமன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2021-இல் நான்கு இந்தியப் பெண்கள் உலகின் உச்சியைக் கடந்து வந்தார்கள். அவர்கள் படித்த சைனும் கொசைனும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் நம் புத்தகத்திலும் இருக்கின்றன.

"பெண்ணுக்கு எதற்குக் கணக்கும் தேசப்படமும்?" என்று கேட்பவர் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. ஒரு உலக உருண்டையையும் ஒரு முழம் நூலையும் அவர்கள் கையில் கொடுத்து, "பெங்களூருக்கு எது நேர் வழி, காட்டுங்கள்" என்று கேட்போம்.

தோழியரே, தேசப்படத்தைப் பாருங்கள். ஆனால் உருண்டையில் சரிபாருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஆனால் எந்த ஊர்க் கடிகாரம் என்று கேளுங்கள். விடையை எழுதுங்கள், ஆனால் அலகை விடாதீர்கள். தீர விசாரிப்பதே மெய்!